தூக்குகிற கைக்குத்தான் தெரியும் பாத்திரத்தின் எடை!

தென்னேரியில் எந்த வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தாலும் பாத்திரம் இருக்கும். பித்தளை அண்டா, தவலை, குடம், எவர்சில்வர் அடுக்கு, பெயர் வெட்டிய சம்படம், பிளாஸ்டிக் கவர் பிரிக்காத டிபன் கேரியர். கல்யாணச் சீராக வந்தது, வளைகாப்புக்கு வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு மொய்யோடு சேர்ந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. ஆனால் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால், தினமும் அடுப்பில் ஏறுவது ஐந்தே ஐந்து பாத்திரங்கள்தான். அந்த ஐந்தில் ஒன்றுக்குக் கைப்பிடி ஆடும், ஒன்றுக்கு அடி உப்பியிருக்கும், ஒன்று பொடுகு உதிர்வதுபோல கருப்பாக உதிரும்.

அந்த ஊரில் ஓர் அடுப்பங்கரை. வீட்டு மருமகளுக்கு வயது 34. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தென்னேரி, வாலாஜாபாத் சுற்று வட்டாரத்தில் இருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் அவரும் ஒருவர். காலை ஷிஃப்ட் என்றால் ஐந்தரைக்கு பஸ். நாலு மணிக்கு எழுந்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் இட்லியோ தோசையோ, ஒரு சாதம், ஒரு குழம்பு, ஒரு பொரியல் முடிக்க வேண்டும். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என வீட்டில் ஐந்து பேர். சமைப்பது மருமகள். மிச்சத்தைச் சூடு பண்ணுவதும் பாத்திரம் தேய்ப்பதும் மாமியார்.

போன வருடம் ஒரு சீட்டு எடுத்ததில், பள்ளிக்கட்டணமெல்லாம் போக 6,000 ரூபாய் கையில் நின்றது. "புதுசா மிக்ஸி வாங்கிக்கயேன்" என்றார் கணவர். "மிக்ஸி நல்லாத்தான் ஓடுது. அடுப்புல வைக்கத்தான் ஏனம் இல்ல" என்றார் இவர். பரணைக் காட்டினார் கணவர். அவருக்கு அது பாத்திரக்கடை. இவருக்கு அது வெறும் பரண்.

பாத்திரம் மாற்ற வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்று வந்திருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இதில் அவர் தனியாளும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா, "மாத்திரை எதுக்கு? இரும்புச் சட்டியில சமைச்சு சாப்டு, தானா ஏறும்" என்றார். செல்போனைத் திறந்தால் வீடியோக்கள் வேறு வரிசைகட்டின. நான்-ஸ்டிக்கைத் தூக்கிப் போடு, அலுமினியம் விஷம், குக்கர் சாதம் ஆகாது, இரும்புக்கு மாறு, பித்தளைக்கு மாறு, வெண்கலத்துக்கு மாறு, மண்ணுக்கு மாறு!

அத்தனையையும் கேட்டு நடந்திருந்தால் 6,000 ரூபாய் ஒரே நாளில் கரைந்திருக்கும். வாங்கியதில் முக்கால்வாசி ஆறே மாதத்தில் பரண் ஏறியிருக்கும்.

நாலு கிலோ கடாயும் ஒரு மணிக்கட்டும்

முதல் சோதனைக்குக் காசு செலவாகவில்லை. மாமியாரின் பழைய இரும்புக் கடாய் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. கனமான வார்ப்பு இரும்பு. துருவைத் தேய்த்து எடுத்து, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்கினார் மாமியார். அந்த வேலையில் அவருக்கு நிகர் இல்லை. கடாய் பளபளவென்று கருத்து வந்தது. உருளைக்கிழங்கு வறுவல் ஒட்டாமல், ஓரம் முறுகி அழகாக வந்தது.

எட்டாம் நாள் மருமகளின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் உதிரிபாகங்களைத் திருகும் கை அது. வீட்டுக்கு வந்ததும் நாலு கிலோ இரும்பைத் தூக்கி, சாய்த்து, கழுவி, துடைத்து, சூடு காட்டி, எண்ணெய் தடவ அதில் தெம்பு இல்லை. மாமியார் அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் காலத்துல இதத் தூக்கிக் கழுவ நாங்க மூணு பேரு இருந்தோம்மா."

பாத்திரம் பற்றிப் பேசும் எவரும் சொல்லாத விஷயம் இதுதான். 'பாட்டி காலத்துப் பாத்திரம்' என்று ஏங்குகிறவர்கள், பாட்டி காலத்தில் ஒரு வீட்டில் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 'நூறு வருஷம் உழைக்கும்' என்று கடைக்காரர் சொல்லும்போது, அதற்காக உழைக்கப்போவது யார் என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

அதற்காக இரும்பை ஒதுக்கிவிடத் தேவையில்லை. இரும்பில் இரண்டு வகை. வார்ப்பு இரும்பு கனமானது. சூட்டைப் பிடித்துவைக்கும். ஆனால் கைதவறிச் சிமென்ட் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம். தகட்டை அடித்துச் செய்த இரும்புச் சட்டி அதைவிட இலகு. கீழே விழுந்தால் ஒடுக்கு விழும், உடையாது. தினசரி தாளிப்புக்கும் பொரியலுக்கும் ஒரு சின்ன தகட்டுச் சட்டி போதும். தோசைக்கல் மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் தோசை ஒரே சீராகச் சிவக்கும். அதை யாரும் தினமும் தூக்கிச் சாய்ப்பதில்லை, சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் இல்லை. துணியால் துடைத்து, ஓர் ஓரமாக நிறுத்தினால் வேலை முடிந்தது. இரும்பின் கனம் இடைஞ்சல் செய்யாத இடம் தோசைக்கல்தான்.

ரத்தசோகை விஷயத்துக்கு வருவோம். இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கொஞ்சம் சேர்வது உண்மைதான். புளிப்பும் ஈரமும் உள்ள உணவு நீண்ட நேரம் கொதித்தால் அதிகம் சேரும். எண்ணெயில் சட்டென்று வறுத்து எடுத்தால் குறைவாகச் சேரும். ஆனால் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து சொல்ல முடியாது. 9 கிராமில் நிற்பவர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சட்டியை நம்பினால் ஆபத்து. மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்பானது கூட இருந்தால் நன்றாகச் சேரும். செவிலியர் சொன்ன இந்த இரண்டு வரியும் எந்தச் சட்டியையும்விட மதிப்பானவை.

இன்னொன்று: புளிக்குழம்பை இரும்பில் வைக்கலாம், ஆனால் அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. கருத்துப் போகும், வாயில் இரும்பு வாடை அடிக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சட்னி, சாம்பார் போன்ற புளிப்பான உணவுகளை இரும்பு, அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சேமித்துவைக்க வேண்டாம் என்கிறது.

ஈயம் பூசுபவர் ஏன் வருவதில்லை?

பரணில் தூங்கும் பித்தளைத் தவலையை இறக்கிச் சமைக்கலாம் என்பதுதான் மாமியாரின் முதல் யோசனை. இறக்கியும் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய பூச்சு அங்கங்கே தேய்ந்து, மஞ்சள் தெரிந்தது.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. புளி பட்டால் களிம்பு ஏறும், குமட்டும். அதைத் தடுக்கத்தான் உள்பக்கம் ஈயம் பூசுவார்கள். இந்த ஈயம், வெள்ளீயம். உடம்புக்குக் கேடான காரீயம் வேறு, இது வேறு. ஒரு காலத்தில் "ஈயம் பூசறது... ஈயம் பூசறதேய்..." என்று தெருவில் குரல் கேட்கும். அவர் மரத்தடியில் ஒரு குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதிக் கனலை ஏற்றுவார். பாத்திரத்தை அதில் பழுக்கக் காட்டி, நவச்சாரத்தைத் தூவுவார். புகை குபுகுபுவென்று கிளம்பும். ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சாலோ துணியாலோ சுற்றித் துடைப்பார். கண்மூடித் திறப்பதற்குள் மங்கிய பித்தளையின் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு அது மாயாஜாலம்.

அந்தப் பூச்சு நிரந்தரம் இல்லை. கரண்டி பட்டும் தேய்த்தும் போய்விடும், மறுபடி பூச வேண்டும். அந்தக் குரல் இந்தத் தெருவில் கேட்டு வருடங்களாகிவிட்டன. கண்காட்சி, விழா என்று எங்காவது போனால் ஈயம் பூசுபவரைப் பார்க்கலாம். வாலாஜாபாத் பஜாரில் தேடிக் கிடைக்கவில்லை. தவலை மறுபடி பரணுக்கே போனது.

பித்தளையின் ஆயுள் பித்தளையில் மட்டும் இல்லை. அதைப் பராமரிக்கத் தெருவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் போன பிறகு, நூறு வருடப் பாத்திரமும் அலங்காரப் பொருள்தான். இந்தக் கணக்கைத்தான் மருமகள் பிடித்துக்கொண்டார். எதை வாங்கினாலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது கெட்டுப்போனா இங்க யாரு சரி பண்ணுவாங்க?"

வெண்கலப் பானை, ஈயச்சொம்பு என்று வீடியோக்கள் ஆசை காட்டின. வெண்கலத்தைக் கிலோ கணக்கில் விலை சொல்கிறார்கள், ஒரு பானைக்கே பட்ஜெட் காலி. ஈயச்சொம்பில் ரசம் மணக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை பயமில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலைபின்னப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. காலை நாலரை மணிச் சமையலுக்கு ஆகிற சாமான் இல்லை அது.

அலுமினியம் என்கிற ஏழை வீட்டுத் தோழன்

அந்த அடுப்பங்கரையில் அதிகம் உழைத்தது ஓர் அலுமினியக் குண்டான். இதையும் தூக்கிப் போடச் சொல்லித்தான் வீடியோக்கள் கத்துகின்றன. அலுமினியத்தைக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். அதன் ஊர் நம்ம சென்னைதான். 1898-ல் சென்னைக் கலைப்பள்ளியில், இப்போது அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் இடத்தில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். இந்தியாவின் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பித்தளைக்கு ஈயம் பூச வசதியில்லாத வீடுகளுக்கு, களிம்பு ஏறாத, கைக்கு லேசான, விலை மலிவான பாத்திரம் கிடைத்தது.

அடுப்பில் அதன் வேலையும் சுத்தம். எவர்சில்வரைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதே பருமன் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் எடை. சோறு வடிக்க, வெந்நீர் போட அதை மிஞ்ச ஆள் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது? அந்த வீட்டில் மாமியார் ராத்திரி வைத்த புளிக்குழம்பை அதே குண்டானில் மூடிவைத்து, மறுநாள் சூடு பண்ணி, மூன்றாம் நாள் சுண்டவைத்துத் தருவார். சுண்டின குழம்பின் ருசிக்கு வீடே அடிமை. புளியும் உப்பும் நாள்கணக்கில் அலுமினியத்தில் ஊறுவதுதான் தப்பு. குண்டானின் உள்பக்கத்தில் குத்துக் குத்தாக விழுந்திருந்த பள்ளங்களே அதற்குச் சாட்சி.

இன்னொரு கவலையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களில் இருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று எச்சரித்தது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும்போது எதெல்லாம் கலக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பெயரும் முத்திரையும் இல்லாமல், சந்தையில் எடைபோட்டு விற்கிற வார்ப்புப் பாத்திரத்தைத் தவிர்ப்பதுதான் புத்திசாலித்தனம். இங்கே மத்திய அரசு, அலுமினிய, எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-ல் உத்தரவிட்டது. பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

நான்-ஸ்டிக் தவா விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் விவாதமே நடக்கவில்லை. அது ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தது. தவறு முழுக்கத் தவாவுடையதும் இல்லை. டெஃப்லான் பூச்சு மரக்கரண்டிக்கும் மெல்லிய தீக்கும் மென்மையான ஸ்பாஞ்சுக்கும் பிறந்தது. நம் வீட்டில் எவர்சில்வர் தோசைத்திருப்பி, முழுத்தீ, கம்பி நார். சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும். முழுத்தீயில் வெறுமனே காயும் தவா சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்னும் முன்ஜாக்கிரதையாக 170 டிகிரிக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. தோசைக்குக் கல் காய்ந்திருக்கிறதா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிற நமக்கு, 170 டிகிரியை எப்படி அளப்பது? உரிந்தால் தூக்கிப் போட வேண்டும், சரிபண்ண வழியே இல்லை. "யாரு சரி பண்ணுவாங்க?" என்ற கேள்வியில் முதலில் தோற்றது அதுதான்.

பஜாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாமியாரும் மருமகளும் பஸ் ஏறி வாலாஜாபாத் போனார்கள். ஆன்லைனில் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும். "தூக்கிப் பாக்காம எப்படிம்மா வாங்குறது?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். சரியான பேச்சு. படத்தில் எடை தெரியாது.

கடையில் மருமகள் ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். வெறும் பாத்திரத்தைத் தூக்குவது எளிது. அதில் மூன்று லிட்டர் குழம்பு நின்றால் இன்னொரு மூன்று கிலோ கூடும். "தண்ணி ஊத்திக் குடுங்கண்ணா" என்று கேட்டே விட்டார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தாலும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெரிய ஸ்டீல் பாத்திரம் ஒன்று அந்தத் தண்ணீரில் தோற்றது. அடுத்த சைஸ் சின்னது ஜெயித்தது.

எவர்சில்வரை எடுத்ததும் மாமியார் கைப்பையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒசத்தி என்பது அவர் நம்பிக்கை. ஊர் முழுக்க இந்த நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. நல்ல தரம் என்று சொல்லப்படும் 304 வகையில் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது! இண்டக்‌ஷன் அடுப்புக்காகவே அடியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் வைத்த நல்ல பாத்திரங்களும் உண்டு. ஆக, காந்தத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. பாத்திரத்தில் அடித்திருக்கும் தரமும் முத்திரையும்தான் பேசும்.

எவர்சில்வரின் நிஜமான குறை, சூட்டைப் பரப்பத் தெரியாதது. மெல்லிய பாத்திரத்தில் உப்புமா கிண்டியவர்களுக்கு இது தெரியும். தீ படும் இடத்தில் கரியும், ஓரத்தில் ரவை வேகாமல் நிற்கும். அதற்குத்தான் இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவில் அலுமினியத்தை வைத்து அழுத்திய மூன்றடுக்குப் பாத்திரம். சூடு பரவுவது அலுமினியத்தின் வேலை, உணவைத் தொடுவது ஸ்டீல். புளிக்கும் பயமில்லை, ராத்திரி முழுக்கக் குழம்பு அதிலேயே இருக்கலாம். விலைதான் கூட. அந்த வீட்டில் அதிகம் சமைப்பதும் மிஞ்சுவதும் குழம்புதான் என்பதால், 1,450 ரூபாய் அதற்குக் கொடுத்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் எடுத்த நல்ல முடிவு அதுவே. கைப்பிடியைப் பார்த்தும் வாங்கினார்கள். ஆணி அடித்து முறுக்கிய கைப்பிடி ஆடினாலும் பட்டறையில் தட்டி இறுக்கலாம். வெறும் புள்ளி வெல்டிங் விட்டுப்போனால் பாத்திரம் பரணுக்கு.

குக்கருக்குத்தான் நேரம் பிடித்தது. பழைய குக்கருக்கு கேஸ்கெட் மாற்றி, கைப்பிடி திருகி இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று மாமியார் வாதாடினார். ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் வைத்ததில் அதன் அடி உப்பியிருந்தது. கேஸ்கெட்டை மாற்றலாம், வெயிட்டை மாற்றலாம், சேஃப்டி வால்வை மாற்றலாம், அடியை மாற்ற முடியாது. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் கிட்டத்தட்ட 120 டிகிரியில் வேகவைக்கிறது. துவரம் பருப்பு சீக்கிரம் மசிவது அதனால்தான். அதே அழுத்தம் பலவீனமான இடம் தேடும். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஐந்து பேருக்கு ஐந்து லிட்டர். அலுமினியம்தான். சாதமும் பருப்பும் தனித்தனி எவர்சில்வர் கிண்ணத்தில் உள்ளே வேகுமாதலால், உணவு அலுமினியத்தைத் தொடப்போவதே இல்லை. ஸ்டீல் குக்கரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மணிக்கட்டு வேண்டாம் என்றது. வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை 2021-ல் இருந்தே கட்டாயம், முத்திரை இல்லாததைக் கடைக்காரர் விற்கவே கூடாது. இந்த மாடலுக்கு உதிரிபாகம் பஜாரில் கிடைக்குமா என்று கேட்டதற்கு, கடைக்காரர் மேலே தொங்கிய கேஸ்கெட் மாலையைக் காட்டினார். அதிலிருந்து ஒன்றைச் சேர்த்தே வாங்கிக்கொண்டார் மருமகள். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தானே கேஸ்கெட் கழுத்தறுக்கும்!

வாங்கும்போது சொல்லாத, வாங்கிய பிறகு யாரும் படிக்காத விஷயங்கள் சில உண்டு. குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைக்கிற பருப்பை நேரடியாகப் போட்டால் பாதியைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு முறையும் மூடும் முன், மூடியைத் தூக்கி வெயிட் உட்காரும் குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு பார்வை. தெரியவில்லை என்றால் உள்ளே பருப்புத் தோல் அடைத்திருக்கிறது. குழாய் அடைப்பால் வரும் குக்கர் விபத்துகளை அந்த ஒரு பார்வை தடுக்க உதவும்.

திரும்பும் வழியில் சாலையோரம் மண்சட்டி விற்றவரிடம் வண்டி நிற்காத குறையாக மாமியார் இறங்கிவிட்டார். இது பட்டியலில் இல்லை. ஏரி மீன் கிடைக்கிற ஊரில் மண்சட்டி இல்லாமல் எப்படி என்பது அவர் கட்சி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அவர் கட்சிதான், மண்பாத்திரத்தைப் பாதுகாப்பானது என்று அது பரிந்துரைக்கிறது. கண்ணாடி மாதிரி மினுக்கும் பூச்சும் வண்ணமும் உள்ளவற்றை விட்டுவிட்டு, சாதாரணச் சிவப்புச் சட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்தார். 'டங்'கென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த சட்டி. அமுங்கின சத்தம் என்றால் கீறல். வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கஞ்சி கொதிக்கவைத்துப் பழக்கினார். கேஸ் அடுப்பில் எடுத்ததும் முழுத்தீ வைத்தால் விட்டுவிடும், சிறுதீயில் தொடங்க வேண்டும். உடைந்தால்? "உடைஞ்சா இன்னொண்ணு" என்றார். மற்ற எல்லாவற்றுக்கும் ஆயுள் கேட்டவர், மண்சட்டிக்கு மட்டும் கேட்கவில்லை.

கணக்கு இப்படி வந்தது: குக்கர் 2,100, மூன்றடுக்குப் பாத்திரம் 1,450, தோசைக்கல் 650, தகட்டு இரும்புச் சட்டி 550, பால் காய்ச்ச ஸ்டீல் பாத்திரம் 380, மண்சட்டி 180, கேஸ்கெட் 120. மொத்தம் 5,430. மீதியில் பஸ்ஸும் பிள்ளைகளுக்கு மிக்சரும்.

முதல் வாரம் சுமுகமாகப் போகவில்லை. புதுத் தோசைக்கல்லில் முதல் ஆறு தோசை ஆட்டுக்குப் போனது. மூன்றடுக்குப் பாத்திரத்தில் வெங்காயம் அடிபிடித்தது. பாத்திரம் காயும் முன்பே எண்ணெய் ஊற்றியதுதான் காரணம். துளித் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும், அப்போதுதான் எண்ணெய். மாமியாருக்கு இது தோசைக்கல் பாடம், மருமகளுக்கு ஸ்டீல் பாடம். மழைக்காலத்தில் இரும்புச்சட்டியில் ஒருமுறை துரு பூத்தது. கழுவியதும் ஈரத்தோடு கவிழ்க்காமல், அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, விரலால் எண்ணெய் தொட்டுவைக்கும் வேலையைப் பத்தாவது படிக்கும் பையனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வாரத்தில் நாலு நாள் செய்கிறான்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்ததில் 10.8. மாத்திரையாலா, சட்டியாலா என்று பக்கத்து வீட்டு அக்கா தீர்ப்பு கேட்டார். செவிலியர் தீர்ப்பெல்லாம் சொல்லவில்லை. "இன்னும் 12 வரல. மாத்திரைய நிறுத்தாத" என்று அடுத்த மாதத்துக்கான அட்டையை நீட்டினார்.

சுண்டின புளிக்குழம்பு இப்போது மூன்றடுக்குப் பாத்திரத்தில் மூன்று நாள் நிற்கிறது. முன்னைப்போல ருசி இல்லை என்கிறார் மாமியார். பழைய அலுமினியக் குண்டானை எடைக்குப் போடவும் அவர் விடவில்லை. அதில் தினமும் ஆட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றுகிறார்.